வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

கொழும்புக்கு உறவினர் வீட்டுக்குச் சென்று திரும்புவோரிடம், "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று வினவினாற் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கலியாணவீட்டுக்குப் போனோம், கண் வைத்தியரைக் கண்டோம், கடவுச்சீட்டுக்காக அரைநாள் வரிசையில் நின்றோம், வெள்ளவத்தைக் கடையிற் சேலை எடுத்தோம், இரவு பஸ்ஸேறி யாழ்ப்பாணம் வந்துவிட்டோம் என்பார்கள். நாமும் இவ்வாறு இருபது தடவைகளுக்குக் குறையாமற் சென்று வந்தவர்களே. ஐந்நூறு ஆண்டுச் சரித்திரத்தைத் தெருவுக்குத் தெரு பரப்பி வைத்திருக்கும் அப்பெருநகரில் நாம் நன்கறிந்தது காலி வீதியின் ஒரு மைல் நீளத்தை மாத்திரமே என்பதை இங்கே வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இம்முறை பாடசாலை விடுமுறையிற் பிள்ளைகளையும் அழைத்துச் சென்றோம். வெள்ளவத்தையிற் கடற்கரையோரத் தொடர்மாடி ஒன்றில் எமது தாயாரின் தமையனார் தம் மனைவியாருடன் வசித்து வருகிறார். மாமாவுக்கு வயது எண்பதாகிவிட்டது. ஒருகாலத்திற் கோட்டையில் ஒரு கப்பற் கம்பனியிற் கணக்கராக இருந்தவர். கொழும்பின் கட்டடங்களைப் பற்றி அவரிடம் ஒரு சொல் கேட்டால் ஒன்பது சொற்கள் வரும். மாமியார் அதற்கு நேர்மாறானவர். அவருடைய அக்கறையெல்லாம் வந்தவர்களின் வயிறு நிரம்பியதா என்பதிலேதான்.

வெள்ளவத்தை என்னும் பெயர் மணல் நிறைந்த தோட்டம் எனப் பொருள்படும் சிங்களச் சொற்களால் ஆனது. இன்று அங்கே மணலையும் காண்பது அரிது. தோட்டத்தையும் காண்பது அரிது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒவ்வொன்றிலும் மாடிவீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. சின்ன யாழ்ப்பாணம் என இப்பகுதியைப் பலர் அழைப்பது பொருத்தமே. காலையிற் கடைவாசலில் முருங்கைக்காயும் பனங்கிழங்கும், மாலையிற் கோயில் மணியோசையும் உண்டு. 1942ஆம் ஆண்டிலே தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இங்கேதான் இருக்கிறது. அதன் நூலகத்தில் ஒரு நாள் முழுவதும் இருந்து வாசிக்கலாம். ஆனால் பிள்ளைகளுடன் வந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

பிள்ளைகளின் பிடிவாதம் தாமரைக் கோபுரத்தைப் பார்ப்பதில் இருந்தது. முந்நூற்றைம்பது மீற்றருக்கும் சற்று மேலான உயரங்கொண்ட அக்கோபுரம் 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. முதல் நாளே போனோம், ஏறினோம், இறங்கினோம். மேலேயிருந்து நோக்கியபோது நகரம் முழுவதும் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோலத் தெரிந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எமக்கு அதிகமில்லை.

மறுநாள் மாமாவின் முறை. "பிள்ளையள், உயரத்திலை நிண்டு பாத்தது காணும். இனி நிலத்திலை நிண்டு பாப்பம்" என்று கூறி எம்மை நூதனசாலைக்கு அழைத்துச் சென்றார்.

1877ஆம் ஆண்டு தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியின் காலத்திலே திறக்கப்பட்டது இந்த வெண்ணிற மாளிகை. இதனைக் கட்டி முடித்த ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெரியார். திறப்புவிழாவன்று, "உமக்கு வேண்டிய சன்மானம் யாது?" என்று தேசாதிபதி கேட்டாராம். பொன்னும் வேண்டாம், பட்டமும் வேண்டாம், வெள்ளிக்கிழமைகளில் இம்மண்டபம் மூடியிருந்தாற் போதும் என்றாராம் மரிக்கார். நெடுங்காலம் அவ்வாறே நடந்து வந்ததென மாமா கூறினார். கேட்கத் தெரிந்தவர் அல்லவா!

உள்ளே கண்டியரசரின் சிங்காசனம் இருக்கிறது. ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ 1693இல் அன்பளிப்பாக வழங்கியது. 1815இற் கண்டி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் அதனைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1934இலேதான் அது மீண்டும் தாயகம் வந்தது. அதிற் கடைசியாக வீற்றிருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் குலத்தவன். வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து 1832இல் மாண்டான். சிங்காசனம் திரும்பி வந்தது; மன்னன் திரும்பவில்லை.

ஆயினும் எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது சிங்காசனம் அன்று, ஒரு கல். காலி நகரில் 1911ஆம் ஆண்டு ஒரு மதகின்மேல் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த கல் அது. புரட்டிப் பார்த்த பொறியியலாளர் அதில் எழுத்துக்கள் இருக்கக் கண்டார். ஒன்றல்ல, மூன்று மொழிகள்! வலப்புறம் சீனம், இடப்புறம் மேலே தமிழ், கீழே பாரசீகம். சீனப் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹே பெருங்கப்பற் கூட்டத்துடன் இந்து சமுத்திரத்தைச் சுற்றிவந்த காலத்தில், 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனாவிலேயே வெட்டுவித்து இங்கே கொணர்ந்து நாட்டியது.

இக்கல்லின் அதிசயம் மொழிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. சீன மொழியிலுள்ள பகுதி புத்தபெருமானுக்குக் காணிக்கை செலுத்துகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைத் துதிக்கிறது. தமிழ்ப் பகுதியோ தெனாவரை நாயினாருக்கு, அதாவது தெய்வேந்திர முனையிற் கோயில் கொண்டிருந்த திருமாலுக்குக் காணிக்கை கூறுகிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டுச்சுருள்கள், வாசனை எண்ணெய் என மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. ஒருவருக்குக் கூட்டியும் மற்றவருக்குக் குறைத்தும் கொடுத்துவிடாமற் பார்த்துக்கொண்ட அந்தத் தளபதியின் சாமர்த்தியத்தை என்னென்பது! காணிக்கை பெற்ற தெய்வேந்திர முனைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்துத் தரைமட்டமாக்கினர். காணிக்கை கூறிய கல் மதகிற் கிடந்து தப்பியது. எமது மூத்த பெண் கண்ணாடிக்கு அருகே குனிந்து அந்தத் தமிழெழுத்துக்களைக் கூட்டி வாசிக்க முயன்றாள். முழுவதும் இயலவில்லை. இரண்டொரு எழுத்துக்கள் பிடிபட்டபோது அவள் போட்ட சத்தத்துக்குக் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

அன்று மாலை காலிமுகத்திடலிற் கடற்காற்று வாங்கினோம். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்து முடித்த நடைபாதை அது. கொழும்பு நகரத்துப் பெண்களும் குழந்தைகளும் உலாவுவதற்காக இதனைப் பேணுமாறு தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளைக் கேட்டுக்கொண்டு அவர் ஒரு கல்லையும் நாட்டிச் சென்றார். 1930இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடம் திடலின் வடபுறத்தே நிற்கிறது. 2022ஆம் ஆண்டில் அதன் வாசலிலேதான் இளைஞர்கள் மாதக்கணக்காகக் கூடாரமிட்டிருந்தனர். இப்பொழுது அங்கே பட்டம் விடும் சிறுவர்களும் இறால் வடை விற்பவர்களும். கடலைத் தூர்த்து எழுப்பிய புதிய துறைமுக நகரம் முன்பு அடிவானம் தெரிந்த பக்கத்தைச் சற்றே மறைத்து நிற்கிறது.

திரும்பி வரும்போது எமது இளைய மகன் ஒரு கேள்வி கேட்டான்: "தாத்தா, நீங்கள் முந்தி இருந்த வீடு எங்கை?"

மாமா உடனே விடை கூறவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். மாமியார்தான், "கொட்டாஞ்சேனையிலை, அப்பு. இஞ்சையிருந்து ஆறு மைல்தான்" என்றார்.

அந்த ஆறு மைல் தூரத்தைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். 1969ஆம் ஆண்டு முதல் பதினான்கு ஆண்டுகள் மாமாவின் குடும்பம் கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்கு அருகே ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தது. 1983 ஜூலை கடைசியில் வீடு தீக்கிரையாயிற்று. மாமா அப்பொழுது கோட்டையில் அலுவலகத்தில் இருந்தார். மாமியாரையும் மகளையும் அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையார் தம் சமையலறைக்குப் பின்னாலிருந்த விறகறையில் ஒரு பகலும் ஓர் இரவும் மறைத்து வைத்தார். பின்பு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலே அமைந்த அகதி முகாம். அதன்பின் காங்கேசன்துறைக்குக் கப்பல். தொண்ணூறுகளிற் போர் துரத்த மீண்டும் கொழும்புக்கே வந்து, கனடாவிலுள்ள மகளின் உதவியுடன் வெள்ளவத்தையில் தங்கினர். மாமியார் மாதந்தவறாமல் அயல்வீட்டாருடன் கொட்டாஞ்சேனைச் சிவன் கோயிலுக்குப் போய்வருவார். மாமா மட்டும் போவதில்லை. கேட்டால் முழங்கால் நோகிறது என்பார். காலிமுகத்திடலில் நாள்தோறும் ஒரு மைல் நடக்கும் முழங்கால் அது.

மறுநாட் செவ்வாய்க்கிழமை. விடிய எழுந்தபோது மாமா சவரம் செய்து, வெள்ளைச் சட்டையணிந்து கதிரையில் அமர்ந்திருந்தார். "கோட்டையைக் காட்டுறன் எண்டு சொன்னனான். கெதியா வெளிக்கிடுங்கோ" என்றார். கொட்டாஞ்சேனை என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை; நாமும் எடுக்கவில்லை.

வெள்ளவத்தை நிலையத்திற் புகையிரதம் ஏறினோம். இந்தப் பதினைந்து, இருபது நிமிடப் பிரயாணத்துக்கு ஈடான காட்சி கொழும்பில் வேறில்லை. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கடலலை தண்டவாளத்தின் கற்களை நனைக்க நனைக்க வண்டி ஓடுகிறது. வாசற்படியிலே தொங்கிக்கொண்டு செல்லும் இளைஞர்களைக் கண்டு எமக்கு நெஞ்சு பதைத்தது. எமது மகனுக்கோ பொறாமை. பின்னர் கடல் மறைந்து கொம்பனித்தெரு வருகிறது. ஆங்கிலேயர் இவ்விடத்தை அடிமைத் தீவு என்று பொருள்பட அழைத்தனர். ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்த அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடமாம். தமிழிலும் சிங்களத்திலும் அந்தப் பெயர் ஒட்டவேயில்லை. கொம்பனித்தெரு என்றே சொல்லி வந்தார்கள்.

கோட்டையில் மாமா முதலிற் காட்டியது மணிக்கூட்டுக் கோபுரம். 1857இல் எழுந்த இக்கோபுரத்தின் படத்தை வரைந்தவர் தேசாதிபதி வார்டின் மனைவியார் என்பது பெண்மணிகள் அறியவேண்டிய செய்தி. 1867 முதல் இதன் உச்சியில் ஒரு தீபம் ஏற்றப்பட்டு, கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. தெரு நடுவே ஒரு கலங்கரை விளக்கம்! சுற்றிலும் மாடிகள் உயர்ந்து கப்பற்காரருக்கு ஒளியை மறைக்கவே 1952இல் அத்தீபம் அணைந்தது. மணிக்கூட்டின் கதை இன்னும் சுவையானது. இலண்டன் பெரிய மணிக்கூட்டைச் செய்த டென்ற் கம்பனியாரிடம் வாங்கப்பட்ட இயந்திரம், செலவுக்கு அஞ்சியோ என்னவோ, நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பண்டகசாலையில் உறங்கிக் கிடந்து 1914இலேதான் கோபுரம் ஏறிற்றாம். "கந்தோருக்குப் பிந்தினால் இந்தக் கூட்டைக் குறை சொல்லித் தப்பிறனாங்கள்" என்று மாமா நகைத்தார். அவர் அன்று நகைத்தது அதுவே முதல் தடவை.

அங்கிருந்து புறக்கோட்டை. பட்டப்பகலிலே நடப்பதற்குத் தைரியம் வேண்டிய இடம். தள்ளுவண்டிகளும் லொறிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க, மூட்டை சுமப்போர் "சைற்! சைற்!" என்று கூவிக்கொண்டு ஊடே பாய்கின்றனர். இந்த இரைச்சலின் நடுவே இரண்டாம் குறுக்குத் தெருவில், செந்நிறமும் வெண்ணிறமும் கோடுகோடாக, மாதுளங்கனிபோன்ற கும்மட்டங்களுடன் ஒரு பள்ளிவாசல் எழுந்து நிற்கிறது. ஜாமிஉல் அல்பார் என்பது அதன் பெயர். செம்பள்ளி என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் 1908இல் தொடங்கி 1909இற் கட்டி முடித்தனர். இதனை வரைந்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை என்பார் கட்டடக் கலையை எந்தப் பள்ளியிலும் பயின்றவர் அல்லர்! வணிகர்கள் கொணர்ந்து காட்டிய படங்களைப் பார்த்தும் கேட்டும் வரைந்தாராம். சம்மாங்கோட்டுப் பள்ளி எனவும் இதனை அழைப்பர். செட்டியார் தெருவிலுள்ள முருகன் கோயிலும் சம்மாங்கோட்டுக் கதிர்வேலாயுத சுவாமி கோயில் என்றே வழங்கப்படுகிறது. கடல் கடந்து வந்த வணிகர்கள் ஒரே பெயரைத் தொழுகைத்தலத்துக்கும் கோயிலுக்கும் இட்டுச் சென்றிருக்கிறார்கள்.

பிரதான வீதி முடியும் இடத்தில் ஒரு பழைய மணிக்கூண்டு உண்டு. கேமன் வாசல் என்பர். கேமன் என்பது முதலை. ஒல்லாந்தர் கோட்டையின் அகழியிலும் வாவியிலும் முதலைகள் கிடந்தனவாம். அந்த மணி கோட்டை இராசதானியிலிருந்த பழைய போர்த்துக்கேயர் தேவாலயத்தின் மணியென்பர். எமது மகன் அங்கே முதலையைத் தேடினான். கிடைத்தது குரும்பை விற்பவர் ஒருவர்தான். ஆளுக்கொரு குரும்பை குடித்துவிட்டுச் செட்டியார் தெருவுக்குள் நுழைந்தோம். வரிசையாக நகைக்கடைகள். கண்ணைக் கூசச் செய்யும் இக்கடைகளைக் கடந்து செல்வதற்கு ஆண்களுக்கு இரண்டு நிமிடம் போதும். எம்முடன் வந்த பெண்களுக்கு முக்கால் மணித்தியாலம் சென்றது. ஆடிவேல் விழாவிலே வேற்பெருமான் இத்தெருவிலுள்ள கோயில்களிலிருந்துதான் இரதமேறிப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் எழுந்தருளுவார். நாம் அன்று காலை வந்த வழியை எதிர்த்திசையிற் செல்லும் பிரயாணம் அது.

செட்டியார் தெரு முடிந்து கொச்சிக்கடை தொடங்குகிறது. அர்ச். அந்தோனியார் கோயிலிற் செவ்வாய்க்கிழமையாதலாற் பெருங்கூட்டம். கத்தோலிக்கர் மட்டுமா? திருநீறு பூசிய நெற்றிகளும் குங்குமப் பொட்டுகளும் வரிசையிற் பாதி. மாமியார் தம் கைப்பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்தபோது, அவர் சிவன் கோயிலுக்கு மாத்திரம் வருபவர் அல்லர் என்பது எமக்கு விளங்கிற்று. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது இங்கே குண்டு வெடித்தது. அன்று நாட்டின் மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் நடந்த தாக்குதல்களில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஜூன் 12ஆந் திகதி, அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள், கோயில் மீண்டும் திறக்கப்பட்டது. நாம் சென்றபோது ஓர் இளம்பெண் சுரூபத்தின் கண்ணாடியிலே கையை வைத்து, கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்திற் பொன்னம்பலவாணேசர் கோயில். கொட்டாஞ்சேனைச் சிவன் கோயில் என்பதும் இதுவே. வெளியே வெயில் நெருப்பாய்க் கொளுத்துகிறது. உள்ளே காலடி வைத்ததும் கருங்கல்லின் குளிர்ச்சி. தூண் தூணாக, மண்டபம் மண்டபமாக, விஜயநகரப் பாணியிற் சிற்பிகள் செதுக்கிய கல். மேற்கூரையும் கல்லே. தஞ்சாவூரிலோ மதுரையிலோ நிற்கின்றோமா என்ற மயக்கம் தோன்றுகிறது. பொன்னம்பல முதலியார் 1857ஆம் ஆண்டளவில் எழுப்பிய ஆலயத்தை, அவருடைய குமாரர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை ஐந்தாண்டுகள் உழைத்து முழுவதும் கருங்கல்லாற் புதுப்பித்தார். யாழ்ப்பாணத்தவருக்கு அவரை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. மருதனார்மடத்து மகளிர் கல்லூரியும், இன்று பல்கலைக்கழகமாக விரிந்திருக்கும் பரமேசுவராக் கல்லூரியும் அவர் கைப்பணியே.

இத்திருப்பணி நடந்த அதே காலத்தில், 1911ஆம் ஆண்டு இறுதியில், படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட சட்டநிரூபண சபை ஆசனத்துக்கு இராமநாதன் தெரிவானார். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வாக்களித்த தேர்தல் அது. 1915இற் கலகம் மூண்டு, இராணுவச் சட்டத்தின்கீழ்ச் சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைபட்டபோது, யுத்தகாலக் கடலிலே கப்பலேறி இலண்டன் சென்று அவர்களுக்காக வாதாடியவர் அவரே. திரும்பி வந்த நாளில் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே வண்டியை இழுத்துச் சென்றனர். நாம் வந்திறங்கிய துறைமுகப் பக்கத் தெருக்கள்தாம் அக்காட்சியையும் கண்டன; 1983ஐயும் கண்டன. மாமா இக்கதையைச் சொல்லி முடித்தபோது தூணொன்றிற் சாய்ந்து நின்றார். அருச்சனைத் தட்டுடன் வந்த மாமியார், "நாப்பது வரியமாப் பூசிய திருநீறு வீட்டிலை பூசினது. இண்டைக்குக் கோயிலிலை பூசுங்கோ" என்று கையை நீட்டினார். மாமா குனிந்து பூசிக்கொண்டார்.

முச்சக்கர வண்டி இரண்டில் மேட்டுக்கு ஏறினோம். உச்சியில் ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம். 1749இல் தொடங்கி 1757இல் முடித்தனர். சுவரின் பருமன் ஐந்தடி! பகைவரை அஞ்சிக் கோட்டை கட்டிய கை தேவாலயத்தையும் அவ்வாறே கட்டியது போலும். தரையெங்கும் எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள். கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்திலிருந்து ஒல்லாந்தத் தேசாதிபதிகளின் எலும்புகளை 1813இல் இங்கே கொண்டுவந்து அடக்கினர். பெயரின் கதை வேடிக்கையானது. இவ்விடத்திலிருந்த போர்த்துக்கேயரின் குவாதலூப் மாதா கோயிற் பெயரைத் தவறாக விளங்கிக்கொண்ட ஒல்லாந்தர், ஓநாய்ப் பள்ளத்தாக்கு எனப் பொருள்படத் தம் மொழியில் மாற்றினர் என்பர். இலங்கையில் ஓநாயும் இல்லை. இது பள்ளத்தாக்கும் இல்லை.

ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த அக்காலத்தில், கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இரகசியமாகப் பணிபுரிந்த யோசேவ் வாஸ் அடிகளாரைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015இற் காலிமுகத்திடலிலே புனிதராக உயர்த்தினார். அதே ஒல்லாந்தர் காலத்திற் கொழும்பிலே பிறந்த தமிழறிஞர் பிலிப்பு தெ மெல்லோ, ஒல்லாந்தரின் அச்சகத்தில் 1759இற் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். தமிழ் அச்சுநூல்களின் சரித்திரத்தை எழுதுவோர் இந்த மேட்டுப் பக்கத்தை மறந்துவிடல் ஆகாது.

இறுதியாகக் கொட்டாஞ்சேனைச் சந்திக்கு அப்பால் அர்ச். லூசியாள் பேராலயம். 1870களில் தொடங்கி 1910இல் நிறைவேறிய அதன் கும்மட்டம் துறைமுகத்திலிருந்து பார்க்கவும் தெரியும். லூசியாள் கண்பார்வைக்குரிய புனிதை. கண்ணிற் புரை வெட்டிக்கொண்ட மாமியார் அங்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றினார். இப்பேராலயத்துக்கு அண்மையிலேயே தீபதுத்தாராம விகாரை. பௌத்தக் கொடி 1885ஆம் ஆண்டு வெசாக் நாளில் முதன்முதலாக ஏற்றப்பட்ட இடங்களில் ஒன்று. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1883இன் உயிர்த்த ஞாயிறன்று, இதே தெருக்களிற் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் கைகலப்பு மூண்டு இரத்தம் சிந்தியதும் உண்டு.

மணி இரண்டாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பசி. திரும்புவோம் என்று நாம் எண்ணிய வேளையில் மாமா ஒன்றும் பேசாமல் நடக்கத் தொடங்கினார். நாம் பின்தொடர்ந்தோம். ஒரு பெரிய தெரு, ஒரு சிறிய தெரு, பின் ஓர் ஒழுங்கை. அவர் வாய்க்குள் வீடுகளை எண்ணிக்கொண்டு போவது எமக்குக் கேட்டது. ஏழாவதின் முன் நின்றார்.

அங்கே வீடு இல்லை. மூன்று மாடிப் பண்டகசாலை ஒன்று நின்றது. வாசலில் மஞ்சள் மூட்டைகளும் காகிதப் பெட்டிகளும். அடுத்த வீடும் மாறிவிட்டது. விறகறை இருந்த இடத்தில் மோட்டார்ச் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருந்தன. மாமா இரண்டு நிமிடம் மேலும் கீழும் பார்த்தார். "வேறை ஒழுங்கையாக்கும்" என்றார்.

மாமியார் அசையவில்லை. பண்டகசாலையின் பக்கவாசலுக்குச் சென்று குனிந்தார். புதிய சுவரின் அடியிலே பழைய கருங்கற் படிகள் மூன்று, இடிக்க மனமில்லாமலோ, செலவை மிச்சம் பிடிக்கவோ, அப்படியே விடப்பட்டிருந்தன. நடுப்படியின் ஓரத்திற் கைவிரல் நீளத்துக்கு ஒரு பள்ளம். "இது நான் கத்தி தீட்டின இடம்" என்றார். பதினான்கு வருடம் மீன் வெட்டும் கத்தியைத் தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம். அதிலே விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

உள்ளேயிருந்து ஓர் இளைஞன் வந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் வினவினான். மாமா அதே மொழியிற் சரளமாக விடையளித்தார். முன்பு இங்கே இருந்தோம் என்று மாத்திரம் கூறினார், வேறொன்றும் கூறவில்லை. அவனும் வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே சென்று இரண்டு பிளாஸ்திக் கதிரைகளைக் கொண்டுவந்து ஒழுங்கையிலே நிழலிற் போட்டான். சிறிது நேரத்திற் சீனி கூடிய தேநீரும் வந்தது. மாமா கதிரையில் அமரவில்லை. மேற்படியிலே அமர்ந்து தேநீரைக் குடித்தார்.

அன்றிரவு வெள்ளவத்தையில் மூத்த பெண் தன் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். மணிக்கூட்டுக் கோபுரம், செம்பள்ளி, முதலையில்லாத முதலை வாசல், கற்றூண்கள், கும்மட்டம் எல்லாம் இருந்தன. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அந்தப் படியை இன்னொருக்காக் காட்டு பிள்ளை. பெருப்பிச்சுக் காட்டு" என்றார். அவள் விரலால் விரித்துப் பெருப்பித்தாள். படி மங்கலாயிற்று, பள்ளம் தெரிந்தது.

"இடியப்பம் ஆறுது" என்று குசினியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "வாற செவ்வாய் நான் அந்தோனியாரிட்டைப் போகவேணும்."

"ரயிலிலை போவம்" என்றார் மாமா. "பஸ்ஸெண்டால் முழங்கால் நோகும்."